ஏ. ஸ்ரீரங்கன் என்றொரு கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது, டில்லிபாபு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மயிலாப்பூரில் வக்கீல் சண்முகவேலிடம் இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தா. இந்த வயதில் என்ன பரீட்சை என்று சைதாப்பேட்டையில் அவரைக் கேட்காதவர்கள் இல்லை. ‘எல்லை கடந்த வழக்குகளில் உரிமையியல் நடைமுறை’ என்று அஞ்சல்வழியில் ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு. அடுத்த ஞாயிறு தேர்வு. புத்தகத்தில் மஞ்சள் கோடு போடாத வரியே கிடையாது என்பதால், எது முக்கியம் என்பது இப்போது அவருக்கே தெரியவில்லை.

“கோடு போடாம விட்டது எங்கனா இருந்தா அதப் படிய்யா. அதான் கேப்பான்,” என்றார் பொன்மணி, கீரையை ஆய்ந்தபடி.

பொன்மணி அவருடைய மனைவி. நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் அமீனாவாக இருந்தவர். வீடு வீடாகப் போய்ச் சம்மன் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வேலை. ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை வாசலில் கிடக்கும் செருப்பையும் கொடியில் காயும் சட்டையையும் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பெயர். விருப்ப ஓய்வு வாங்கி நாலு வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும், யார் வாங்கினார், எப்படி வாங்கினார் என்று சிக்கல் வந்தால் வக்கீல்கள் இன்றும் அவரிடம்தான் ஆளை அனுப்புகிறார்கள்.

அன்று வந்தவள் பெயர் அனன்யா. முப்பத்தைந்து வயது இருக்கும். அடையாற்றில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கையில் ஒரு கனத்த கோப்பு.

“சண்முகவேல் சார் அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும் மேடம். இல்லேன்னா என் பொண்ணு என்னை விட்டுப் போயிடுவா.”

பொன்மணி கீரையை ஒதுக்கிவைத்தார். “உக்காந்து சொல்லுங்க.”

அனன்யா கணக்கு டீச்சராகவே சொன்னாள், ஒன்றன்பின் ஒன்றாக. கணவன் ஷ்ரவண் ஜெர்மனியில் இன்ஜினீயர். இரண்டு வருடம் முன்பு ஒரு சண்டை. அவள் ஐந்து வயது மஹதியை அழைத்துக்கொண்டு மயிலாப்பூரில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்து இல்லை. போனில் குழந்தையிடம் மட்டும் பேசுவான். இப்போது அந்த ஊர்க் குடும்ப நீதிமன்றம், பள்ளி விடுமுறை விட்டதும் குழந்தையை அப்பாவிடம் அனுப்பவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது.

“உத்தரவு வந்து இருபத்தஞ்சு நாள் ஆறது. ஒரு மாசத்துக்குள்ள அப்பீல். உத்தரவு போட்டதைக்கூட விடுங்கோ. போன ஜூன் மாசம் எனக்கு நோட்டீஸ் வந்துதாம், நான் வாங்கிண்டு கையெழுத்துப் போட்டேனாம், பதிலும் எழுதினேனாம். ‘குழந்தையை அனுப்பறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை’ன்னு! நான் அந்த நோட்டீஸைக் கண்ணால பார்க்கலை.”

டில்லிபாபு புத்தகத்தை மூடாமலே எழுந்துவிட்டார். “பாடம் நாலு! பொன்னு, இது அப்பிடியே பாடம் நாலு!”

“பாடம் அப்புறம். அந்தப் பொண்ணுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா.”

தண்ணீர் கொண்டுவந்த கையோடு டில்லிபாபு விளக்க ஆரம்பித்தார். “அந்த ஊரு கோர்ட்டு நேரா தபால்ல சம்மன் அனுப்பினா இங்க செல்லாதும்மா. நம்ம நாடு அந்த வழிய ஒத்துக்கல. அவங்க டெல்லிக்கு அனுப்பணும், டெல்லி நம்ம ஊரு கோர்ட்டுக்கு அனுப்பும், அங்கருந்து அமீனா வருவாரு. உங்களுக்கு அப்பிடித்தான் வந்துகீது. வழி கரெக்டு. ஆனா சேர்ந்த ஆளு தப்புன்னா, இயற்கை நீதிக்கு விரோதம். நம்ம உரிமையியல் சட்டத்துல பிரிவு பதிமூணு. அந்தத் தீர்ப்பு நம்ம கோர்ட்டுல நிக்காது!”

“இங்க நிக்காது. அங்க நிக்குமே,” என்றார் பொன்மணி. “இவங்க அந்த ஊர்ல கால் வெச்சா உத்தரவு உசுரோட இருக்கும். அத அங்கயே சாய்ச்சாத்தான் நிம்மதி. காகிதத்தக் குடுங்க.”

முதல் காகிதம், நோட்டீஸ் கொடுத்ததற்கான சான்று. அமீனா தமிழில் எழுதியிருந்தார்: ‘மேற்படி ஸ்ரீரங்கன் அவர்களை மேற்படி முகவரியில் 11.6.2025 காலை 11.20 மணிக்கு நேரில் கண்டு நோட்டீஸைச் சார்வு செய்தேன். நகலைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டார்.’ அதற்குக் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் ‘அவள் பெற்றுக்கொண்டாள்’ என்று இருப்பதாக டில்லிபாபு படித்துச் சொன்னார். அடியில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கையெழுத்து: ஏ. ஸ்ரீரங்கன்.

“இது உங்க பேரா?”

“பாஸ்போர்ட்ல அப்படித்தான். குடும்பப் பெயர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல அப்பா பேரைப் போட்டேன். அந்த ஊர்ல நான் வெறும் ஸ்ரீரங்கன்தான். ஆனா நான் கையெழுத்துப் போடறது எஸ். அனன்யான்னு. இது என் பாஸ்போர்ட் பேர் தெரிஞ்ச யாரோ பண்ணின வேலை.” கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஷ்ரவணுக்குத் தெரியும்.”

“ஆளு செட் பண்ணி வாங்க வெச்சிட்டு, பதிலும் அவரே டைப் அடிச்சிருப்பாரு,” என்றார் டில்லிபாபு உற்சாகமாக. “யாருக்கு லாபமோ அவருதான்!”

“அப்படித்தான் அப்பீல்லயும் எழுதச் சொல்லியிருக்கேன்,” என்றாள் அனன்யா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை என்பதை டில்லிபாபுவும் கவனித்தார்.

“ஜூன் பதினொண்ணு, பதினொண்ணு இருபதுக்கு நீங்க எங்க?” என்று கேட்டார் பொன்மணி.

“ஸ்கூல்ல. ஏழாம் கிளாஸ். ரெஜிஸ்டர் இருக்கு.”

“வீட்ல?”

“அப்பா மட்டும். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவரையும் கேட்டேன். ‘உனக்குன்னு யாரும் எதுவும் கொண்டுவரலை’ன்னு சொல்லிட்டார்.”

“அப்பிடியேதான் சொன்னாரா? உனக்குன்னு?”

“ஆமாம். ஏன்?”

“ஒண்ணுமில்ல. அந்தப் பதில் லெட்டர் இருக்கா?”

முழுக் கடிதம் இல்லை. உத்தரவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதிலிருந்து இரண்டு வாக்கியங்கள் மட்டும் இருந்தன. ‘எதிர்மனுதாரர் ஏ. ஸ்ரீரங்கன் தமது கடிதத்தில்’ என்று தொடங்கியிருந்தது. பொன்மணிக்கு ஆங்கிலம் கொஞ்சம் தகராறு. டில்லிபாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

“‘என் பொண்ணு, யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு மிக்ஸி ஓடும்போது அழுவுது. அது போயி அவரு கூட வாழறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல.’ அவ்ளோதான். இத வெச்சிக்கினு, புள்ள அப்பாவுக்காக ஏங்குது, அம்மாவும் சம்மதிச்சிட்டாங்கன்னு தீர்ப்பு.”

“இன்னொரு தரம் சொல்லுய்யா.”

அவர் இன்னொரு தரம் சொன்னார். பொன்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி அனன்யாவின் முகத்தைப் பார்த்தார். அனன்யா கோப்பின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“மஹதி அழுவாளா?” என்று கேட்டார் பொன்மணி.

“அழுதா தெருவுக்கே கேட்கும்.”

“சரி. சாயங்காலம் நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றோம். அதுவரைக்கும் அப்பீல்ல ஷ்ரவண் பேர்ல பழி போட்டு எதையும் அனுப்பாதீங்க.”

அவள் போனதும் பொன்மணி வெள்ளைச்சாமியைப் போனில் பிடித்தார். அந்தச் சான்றில் கையெழுத்திட்டிருந்த அமீனா அவர்தான். பொன்மணியிடம் தொழில் பழகியவர். டில்லிபாபு ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிக் காதை நீட்டினார்.

“வாரத்துக்கு நாப்பது சம்மன்க்கா. ஜூன் மாசத்து மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கும்? ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டா சத்தியமாத் தெரியல. பாரத்துல மொத கட்டத்துல இன்னா பேரு போட்டுருக்கோ அதச் சொல்லி வாசல்ல கூப்புட்டிருப்பேன். ‘ஆமா, நான்தான்’னு வந்தவங்க கிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன். அடையாளச் சீட்டுகூடப் பாத்துத்தான் குடுப்பேன்க்கா, நீங்க சொல்லிக் குடுத்தாப்ல.”

“பாத்திருப்படா. சரியாத்தான் செஞ்சிருக்க,” என்று போனை வைத்தார் பொன்மணி.

“அடையாளச் சீட்டு பாத்தானா? அப்ப டூப்ளிகேட் கார்டு!” என்றார் டில்லிபாபு. “பெரிய கேங்கு பொன்னு இது.”

“பெரிய கேங்குதான். போயி வண்டியத் தொடைச்சு வை.”

நந்தனம் சிக்னலில் நிற்கும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த பொன்மணி அவர் தோளைத் தட்டிக் கேட்டார். “யோவ், நம்ம பக்கத்து வீட்டு இனாயத் பாய் மவன் அவங்க அப்பா கூட இருக்கானா, வாழறானா?”

“இது இன்னா கேள்வி? அப்பா கூட இருக்கான்.”

“ம். வண்டிய எடு, பச்ச விழுந்துட்டது.”

மாடவீதிக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் வீடு. முதல் மாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப் பலகை. ‘ஆ. ஸ்ரீரங்கன், எம்.ஏ., தமிழ்ப் பேராசிரியர், ஓய்வு’ என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. பொன்மணி அதன் முன் அரை நிமிடம் நின்றார். டில்லிபாபுவும் நின்று பார்த்தார். எழுத்துப்பிழை ஏதும் அவர் கண்ணுக்குப் படவில்லை.

மஹதி பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். ஸ்ரீரங்கன் எழுபத்து மூன்று வயதுக்கு நிமிர்ந்து இருந்தார். “வாங்கோ, உக்காருங்கோ. காபி கலக்கட்டுமா, இல்லே மோர் குடிக்கறேளா?” என்று அவரே உபசரித்தார். அனன்யா ஊஞ்சலில் உட்காராமல் அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காபி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பொன்மணி பேச ஆரம்பித்தார்.

“இதுல கள்ளக் கையெழுத்து இல்ல, டூப்ளிகேட் கார்டு இல்ல. யாரும் யாரையும் ஏமாத்தல. நாலு பேரு நல்லபடியா வேலை செஞ்சதுல வந்த வெனை. மொதல்ல அமீனா. அவரு எழுதினது ‘கையொப்பமிட்டார்’. நானும் இருபத்திரண்டு வருஷம் இதே வார்த்தையத்தான் எழுதினேன். ஆம்பளைக்கும் ‘ஆர்’தான், பொம்பளைக்கும் ‘ஆர்’தான். தமிழ்ல மரியாதை குடுத்தோம்னா வாங்கினவரு ஆணா பொண்ணான்னு வெளிய தெரியாது. இங்கிலீஷ்ல எழுதினவருக்கு ரெண்டுல ஒண்ணச் சொல்லியாகணும். வழக்குல பொம்பளை பேரு இருக்கேன்னு ‘அவள்’னு போட்டுட்டாரு.”

டில்லிபாபுவின் வாய் லேசாகத் திறந்தது.

“ரெண்டாவது, பாரத்துல மொத கட்டம் குடும்பப் பேரு. ஜெர்மனிக்காரங்களுக்கு அது அனன்யா. நம்ம தெருவுல நின்னு ‘ஸ்ரீரங்கன்’னு கூப்ட்டா யாரு வருவாங்க? அந்தப் பேரு யாருதோ அவருதான் வருவாரு. அடையாளச் சீட்டுலயும் அதே பேரு, அதே விலாசம்.”

“ஆனா கையெழுத்து ‘ஏ’ போட்டு இருக்கே?” என்றாள் அனன்யா. “அப்பா ‘ஆ’ன்னுதான் போடுவார். எப்பவும் தமிழ்லதான் கையெழுத்து.”

“வெளிநாட்டுக் காகிதத்துல தமிழ்ல போடுவாங்களா? உங்க தாத்தா பேரு இன்னா?”

“ஆராவமுதன்…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். ஆராவமுதன் ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்கும் என்று டில்லிபாபு விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார்.

“சார்கிட்ட நீங்க கேட்டப்போ, ‘உனக்குன்னு யாரும் கொண்டுவரலை’ன்னாரு. தமிழ் வாத்தியாரு. பொய் சொல்லல. அவருக்குன்னு வந்துச்சு, அவரு வாங்கினாரு.”

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கன் வேட்டி நுனியை முழங்காலின் மேல் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கினேன்,” என்றார். “என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். பிரிச்சுப் பார்த்தா, மாப்பிள்ளை குழந்தையைக் கேட்டு மனு போட்டிருக்கார், உங்க அபிப்பிராயத்தை எழுதுங்கோன்னு இருந்தது. ஆத்துப் பெரியவன்னு என்னைக் கேக்கறான்னு நெனச்சேன். இவகிட்ட காமிச்சா ரோஷத்துல நாலு வரி சுடச்சுட எழுதி, எல்லாத்தையும் முடிச்சுக் கட்டிடுவா. அதனால நானே ஒரு பதில் எழுதிப் போட்டேன்.”

“அப்பா! அப்போ அந்த லெட்டர் நீங்க எழுதினதா? மஹதியை அனுப்பச் சொல்லியா?”

“ஐயோ, நான் எங்கேடி அப்படி எழுதினேன்? யாரோ உன் பேர்ல எழுதியிருக்கான்னு நீ சொன்னே. நான் என் பேர்லன்னா எழுதினேன்! குழந்தையைப் பத்தி அதுல நான் ஒரு வரிகூட எழுதலையே!”

“எழுதல,” என்றார் பொன்மணி. “அதான் விஷயமே. இத நான் கண்டுபிடிக்கல. எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சாரு, அவருக்கே தெரியாம.”

டில்லிபாபு பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“காலைல அந்த ரெண்டு வரியத் தமிழ்ல சொன்னப்போ, ‘அவரு கூட வாழறதுல’ன்னு அவரு வாய்ல தானா வந்துச்சு. புள்ள அப்பா கூட இருக்கும். யாரும் வாழும்னு சொல்றதில்ல. புருஷன் கூட வாழப்போறது பொண்டாட்டி. அப்புறம், ஏழு வயசுப் புள்ள அழுதா நாலு பேருக்குக் கேக்கணும்னுதான் அழும். யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு மிக்ஸியப் போட்டுக்கினு அழறவங்க…”

பொன்மணி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. எழுதியவர் ஸ்ரீரங்கன் என்றால், ‘என் பெண்’ யார் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

அனன்யாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. ஊஞ்சல் சங்கிலியின் வளையங்களை விரலால் நெருடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்குக் கேட்டுதாப்பா?”

“இல்லை. ஒண்ணும் கேட்கலை. மிக்ஸி நின்னு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் நீ வெளில வருவே. மூஞ்சி அலம்பிண்டு. தெனம் சட்னி அரைச்சதுக்கு மூஞ்சி அலம்புவாளா ஒருத்தி?” கிழவர் வேட்டி நுனியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “தப்புத்தான். உன்னைக் கேட்டிருக்கணும். கோர்ட்டாவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லுமேன்னு ஒரு நப்பாசை.”

அனன்யா வந்து ஊஞ்சலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இனி டில்லிபாபுவின் வேலை. அவருக்கு அது பிடித்திருக்கவேண்டும். ஆனால் பேனாவைத் திறந்தவர் எழுதாமல் மூடியை மறுபடி போட்டார்.

“அம்மா, ரெண்டு பிரமாணப் பத்திரம் வேணும். நோட்டீஸ் தனக்குத்தான்னு நெனச்சு வாங்கினேன்னு சார் ஒண்ணு. ஸ்கூல் ரெஜிஸ்டரோட நீங்க ஒண்ணு. ஷ்ரவண் சார் பேர்ல இருக்கற பழிய எடுத்துடலாம். இதுவரைக்கும் சுளுவு.” பேனாவைக் கீழே வைத்தார். “ஆனா லெட்டர் சார் எழுதினதுன்னு மட்டும் சொன்னாப் பத்தாது. சொந்தத் தாத்தாவே, புள்ள அப்பாவுக்காக அழுவுதுன்னு எழுதிக்கிறாருன்னு கோர்ட்டு எடுத்துக்கும். அது இன்னும் மோசம். ‘என் பெண்’னா யாருன்னு தெளிவா எழுதணும். எழுதினா எதிர்த் தரப்புக்கு ஒரு நகல் போவும். அவரு படிப்பாரு.”

“எல்லாத்தையுமா?”

“மிக்ஸி உட்பட.”

தெருவில் பூக்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். அந்தக் குரல் கோடி வீடுவரை போய்த் தேய்ந்தது. இரண்டு வருடமாக ஒருத்தி பொத்திப் பொத்தி வைத்ததை முத்திரை போட்டு, மொழிபெயர்த்து, அயல்நாட்டுக்கு அனுப்பவேண்டும். இல்லையென்றால் குழந்தை போய்விடும். பாடப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு வரிகூட இல்லை என்பது டில்லிபாபுவுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“வேணும்னா ‘குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர்’னு சுத்தி வளைச்சு எழுதிப் பாக்கட்டுமா?” என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

“வேண்டாம் சார்.” அனன்யா நிமிர்ந்தாள். “ஏற்கெனவே சுத்தி வளைச்சு எழுதித்தான் இந்தப் பாடு. எழுதிக்கோங்கோ. ‘கடிதத்தில் என் பெண் என்று குறிப்பிடப்பட்டிருப்பது மஹதி அல்ல. அது நான்.’”

டில்லிபாபு எழுதினார். பொன்மணி தலையைத் திருப்பிக்கொண்டு, காலி டம்ளரை எடுத்து இன்னொரு தடவை குடித்தார்.

புதன்கிழமை சண்முகவேல் திருத்தினார். வியாழன் நோட்டரி. ஜெர்மனியில் அனன்யா அமர்த்தியிருந்த வக்கீல், வெள்ளிக்கிழமை அந்த ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்கே அப்பீலைத் தாக்கல் செய்துவிட்டார். அந்த ஞாயிறு டில்லிபாபு பரீட்சை எழுதினார். பாடம் நாலிலிருந்து வந்த மூன்றாம் கேள்விக்கு மட்டும் கூடுதல் தாள் வாங்கினார்.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அதே மாடிப்படியில் அனன்யா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். பின்னால் மஹதி, “அம்மா, மெதுவாப் போ!” என்று கத்திக்கொண்டே வந்தாள். தெருவுக்கே கேட்டது.

“உத்தரவைக் கோர்ட்டுல நிறுத்தி வெச்சுட்டா மேடம். மஹதி எங்கேயும் போகவேண்டாம். ஏப்ரல்ல வீடியோவுல என்னை விசாரிக்கறாளாம்.”

டில்லிபாபு கைதட்டியே விட்டார். அவர் அடங்கும்வரை காத்திருந்து, அனன்யா துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“நேத்திக்கு ஷ்ரவண் கூப்பிட்டார். மஹதிகிட்ட பேசிட்டு வெச்சுடுவார்னு நெனச்சேன். போனை அம்மாகிட்ட குடுன்னாராம். ‘பத்திரத்துல இருக்கறது நெஜமா?’ன்னு கேட்டார்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?” என்றார் டில்லிபாபு, நாற்காலியின் நுனிக்கே வந்து.

“ஹியரிங்ல சொல்றேன்னேன்.”

“அடடா, வாய்தா வாங்கிட்டீங்களா!” என்று சிரித்தார் பொன்மணி. “ஏப்ரல் வரைக்குமா?”

“ஏப்ரல் வரைக்கும் தாங்காதாம் மேடம்,” என்றாள் அனன்யா. “மார்ச் ரெண்டாந்தேதி லீவு போட்டுண்டு வரார்.”